மாரியாயி தூக்கிய கை

பிறர் வலியைப் பிடித்துவிட்டுப் பிழைக்கிறவர்களுக்கே வலி வந்தால் எங்கே போவது? குன்னூருக்குப் போகலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘உங்கள் கைகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்’ என்று பயிற்சி முகாமுக்குப் பெயர். கையால் சிகிச்சை செய்கிறவர்களுக்கு மட்டும் அனுமதி. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் பழைய பங்களா, பனிமூட்டம், சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். படத்தில் ஒரு பெண் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கட்டை விரல் நன்றாக இருந்தது.

நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். மயோஃபேஷியல் ரிலீஸ் என் தொழில். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோழிக்கறி நறுக்கும்போது தோலுக்கும் கறிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சவ்வு வருமே, அது நமக்கும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இருக்கிறது. அது இறுகிக்கொண்டால் வலிக்கும், கையை வைத்து மெதுவாக அழுத்திக் காத்திருந்தால் இளகும் என்பது எங்கள் கட்சி. எல்லா டாக்டர்களும் இந்தக் கட்சியில் இல்லை. ஆனால் அவர்களும் கழுத்து பிடித்துக்கொண்டால் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் என்னிடம் வருவார்கள்.

இத்தனை வருடமும் எல்லோரையும் நான் அழுத்தியது என் வலது கட்டை விரலால். அது இப்போது என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. சாவியைத் திருப்பினால் வலி, சட்னிக்குத் தேங்காய் துருவினால் வலி. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “வேற ஏதாச்சும் வேலை தெரியுமா மேடம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

“கைக்கு ரெஸ்ட் குடுக்கறதுக்கு எதுக்கு ஒரு கிளாஸ்? வீட்டுல சும்மா உக்காந்தாப் பத்தாதா?” என்றார் என் கணவர். வீட்டில் நான் சும்மா உட்காருவதற்கான ஏற்பாடு எதையும் அவர் இதுவரை செய்ததில்லை என்று நினைவூட்டிவிட்டு, இடது கையால் பெட்டியைக் கட்டினேன்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்வரை திருச்சி வெயில் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. பர்லியார் தாண்டியதும் இறங்கிப் போய்விட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் முழு உடம்பையும் சாய்த்து, உள்ளங்கையால் ஸ்டியரிங்கை உருட்டினார். கட்டை விரலை அதன் மேல் படவே விடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி எடுக்க ஜன்னல் பக்கம் இடம் கேட்டபோதுகூட நான் டிரைவரின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது தொழில் வியாதி. எங்களுக்கு முகம் ஞாபகம் இருக்காது, தோள் மறக்காது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீயும் வர்க்கியும் சாப்பிட்டேன். வர்க்கியைக் கடித்தால் பாதி வாய்க்குள் போகும், பாதி சேலை மேல் உதிரும். சேலைக்குப் போன பாதிதான் ருசியான பாதி என்று தோன்றும். டீ சுமாராக இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை, கிளாஸில் மட்டும் இப்படியா என்று கடைக்காரரிடம் கேட்டேன். “நல்ல எலையெல்லாம் வெளியூருக்குப் போயிருமுங்க. இங்கிருக்கறவங்களுக்குத் தூளுதானுங்க,” என்றார். எங்கள் ஊரில் காவிரிக்கரைக்காரர்கள் தண்ணீர் கேன் வாங்குகிற கதைதான் இதுவும்.

பங்களாவுக்குப் போகும் மினி பஸ், ஒரு வளைவில் நின்றது. சாலை நடுவில் காட்டெருமை ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார். நான் கண்டக்டரிடம் ஹாரன் அடிக்கச் சொன்னேன். “ஏனுங்க, நமக்கு அவசரமிருந்து என்ன பண்றது, அவருக்கல்லோ அவசரம் வரோணும்?” என்றார் அவர். நேரம் போவதற்காக எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். பின்சீட்டில் வெள்ளை முண்டாசு மாதிரி தலையில் துணி கட்டியிருந்த இரண்டு படுகர் பெண்கள் என் கட்டை விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். கண்டக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: கையைக் கட்டிக்கொண்டு வந்திருப்பவள் யாருடைய கையைச் சரிசெய்யப் போகிறாள்? நான் பதில் சொல்வதற்குள் எருமைக்கு அவசரம் வந்து, வழிவிட்டது.

பங்களா அழகாகத்தான் இருந்தது. குளிர் எங்களுக்கு முன்னதாகவே வந்து தங்கியிருந்தது. ராத்திரி சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த தெரபிஸ்டுகள் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. “உங்களுக்கு இடது இடுப்பு கொஞ்சம் ஏறியிருக்கே,” என்றாள் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மெர்சி, என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவள். “உங்களுக்கு வலது தோள் முன்னாடி விழுந்திருக்கு,” என்றேன் நான். அறிமுகம் முடிந்தது. சாம்பார் வாளியைத் தூக்கி வந்த சமையல்காரரின் நடையைப் பார்த்து, அவருக்கு முழங்கால் தேய்மானமா இடுப்பா என்று மேஜையில் இரண்டு கட்சி உண்டானது. அவர் எங்கள் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். ரசம் எங்களுக்கு வராமலே போய்விட்டது.

பயிற்சியாளர் சுதாகர், கோயம்புத்தூர்க்காரர். கைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்தவரின் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை.

ஆனால் மனிதர் விஷயம் தெரிந்தவர். மறுநாள் காலை வகுப்பில் அவர் சொன்னதையெல்லாம் திருச்சியில் யாராவது முன்பே என் காதில் போட்டிருந்தால் என் விரல் பிழைத்திருக்கும். தள்ளாதே, சாய் என்றார். மேஜையை உன் தொடையளவுக்கு இறக்கிக்கொண்டு உடம்பின் கனத்தைக் கொடு, விரலின் பலத்தைக் கொடுக்காதே. முன்கை இருக்கிறது, முழங்கை இருக்கிறது, மடக்கிய விரல் முட்டி இருக்கிறது, கட்டை விரலைக் கடைசியில் கூப்பிடு. எண்ணெய் தடவாதே, வழுக்கினால் பிடி நிற்காது. தோல் இளகும்வரை காத்திரு, அது உன் அவசரத்துக்கு இளகாது. இதைக் கேட்டபோது எனக்குச் சாலையில் நின்ற எருமை ஞாபகம் வந்தது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா, எலும்பு முறிந்திருக்கிறதா, காலில் ரத்தக்கட்டு உண்டா என்று கேட்காமல் யார் மேலும் கை வைக்காதே. இந்த ஊரில் கை வைப்பதற்கு முன்னால் வெந்நீரில் கையை நனை, இல்லாவிட்டால் தொட்டதும் தசை துள்ளி இறுகிக்கொள்ளும்.

என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒருவர் பேனாவும் கையுமாகக் கேட்டார். விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம் என்றார் சுதாகர். ஒரு டென்னிஸ் பந்து, சுருட்டிய துண்டு, சுவரில் நல்ல உடற்கூற்றுப் படம், நீ வேலை செய்வதை ஓரமாக வைத்துப் படம்பிடிக்க உன் ஃபோன். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு தெரபிஸ்டின் உடம்பு. “வாரத்துக்கு ஒரு தடவை நீங்க ஒருத்தரை ஒருத்தர் படுக்க வெச்சுப் பழகுங்க. பேஷண்ட் மரியாதைக்குப் பொய் சொல்லிருவாங்க. ‘இப்ப எப்படி இருக்கு’ன்னு கேக்காதீங்க. நம்ம ஊர்ல அதுக்கு ஒரே பதில்தான் உண்டு. அவங்களுக்கு எந்த வேலை முடியலையோ அதைச் செய்யச் சொல்லிப் பாருங்க.” எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

மத்தியானம் செயல்முறை வகுப்பு. தோட்டத்தில் தோள்வலி உள்ளவர்கள் யாராவது வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் நாச்சிமுத்து மூன்று பெண்களை ஜீப்பில் அழைத்துவந்தார். அவர் கழுத்தில் மப்ளர் சுற்றி, எங்கே பார்க்க வேண்டுமானாலும் மொத்த உடம்போடு திரும்பிப் பார்த்தார். அறை முழுக்க இருந்த தெரபிஸ்டுகளின் கண்கள் அந்தக் கழுத்தின் மேல் பாய்ந்தன. அவர் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

என் மேஜைக்கு வந்தவர் மாரியாயி. ஐம்பதைத் தாண்டியவர், வாரி முடிந்த தலை, கம்பளி மேல்சட்டை. தோளில் நீலகிரித் தைலம் கமகமவென்று மணத்தது. டாக்டரிடம் வருகிறோமே என்று தாராளமாகத் தடவிக்கொண்டு வந்திருந்தார். எண்ணெய் கூடாது என்ற பாடம் முதல் நோயாளியிடமே முடிந்தது. வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டே விசாரித்தேன்.

சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து வந்தவராம். வயது வந்த நாளிலிருந்து கொழுந்து. முதலில் விரலால் கிள்ளினார்கள், பிறகு கத்தரி வந்தது. இரண்டு கையாலும் பிடித்து நாள் முழுக்க வெட்டுகிற பெரிய கத்தரி. அதில்தான் வலது தோள் போனது.

“கைய ஏத்தவே முடியாமப் போச்சுங்க டாக்டரம்மா. அப்புறம் சூப்பர்வைசரய்யாதான் பாவம்னு பிள்ளைக் காம்பராவுல போட்டாரு. வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களப் பாத்துக்கிறது. அதே சம்பளந்தான். பென்சன் வரைக்கும் இப்படியே ஓட்டிட்டேன்னா போதும். மறுபடி கத்தரியத் தூக்கச் சொன்னா நான் செத்தேன்.”

“சக்கரை இருக்கா? வேற மாத்திரை ஏதாவது?”

“சக்கரை இருக்குங்க.”

“கை நல்லாகிட்டா என்ன செய்யணும் உங்களுக்கு?”

அவர் வெட்கப்பட்டார். “தலமுடிய நானே அள்ளி முடியணுங்க. மருமகதான் முடிஞ்சு விடுறா. அவளும் காலையில வேலைக்கு ஓடணும்ல. இழுக்கிற இழுப்புல கண்ணுல தண்ணி வந்துரும்.”

முன்கையை வைத்துச் சாய்ந்தேன். காத்திருந்தேன். தோள்பட்டை கருங்கல்லாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கொஞ்சம் இளகிய மாதிரியும் இருந்தது. அந்த ‘மாதிரி’யில் எனக்கு உற்சாகம் வந்து, பழைய பழக்கத்தில் கட்டை விரலையும் கூப்பிட்டுவிட்டேன். எனக்கு உயிர் போனது. மாரியாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சுதாகர் வந்துவிட்டார், மற்றவர்களும் சுற்றி நின்றார்கள், மெர்சி ஃபோனைத் தூக்கிவிட்டாள். காலையில் தலையாட்டிய நானே கேட்டேன்: “இப்ப எப்படிம்மா இருக்கு?”

“பரவாயில்லைங்க.”

“கையைத் தூக்குங்கம்மா,” என்றார் சுதாகர்.

மாரியாயி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பல்லைக் கடித்ததை நான் கவனித்திருக்க வேண்டும். வலது கை மெல்ல எழுந்து, காதைத் தாண்டி, தலைக்கு மேலே நேராக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வலித்த விரலோடு. பின்னால் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவும் எழுந்து நின்று தட்டினார், போகும்போது மெர்சியிடம் வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரிக்குள் அந்த வீடியோ குழுவில் ஏறிவிட்டது. நான் அனுப்பிவைத்ததைத் திருச்சியில் என் கணவர்கூடப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே,” என்று செய்தி அனுப்பினார். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் பங்களாவின் சமையல்கட்டு வாசலில் மாரியாயி வந்து நின்றார். கையில் ஒரு தூக்கு. தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ளச் சம்பலும். ரொட்டி சூடாக, கனமாக இருந்தது. சம்பலின் காரம் காதுவரை ஏறியது. திருச்சியில் என் நோயாளிகள் வாழைப்பழம் கொண்டுவருவார்கள், அதுவும் எண்ணி. நான் நின்றுகொண்டே ஒரு ரொட்டியை முடித்துவிட்டு, இன்றைக்கும் வந்தால் தோளைப் பார்க்கிறேன் என்றேன்.

“இன்னைக்கு முடியாதுங்க. பெரட்டுக்குப் போகணும். கத்தரிக்குப் போட்டுட்டாங்க.”

“எதுக்கு?”

“கைதான் நல்லாயிடுச்சே. கொழுந்து வெட்ட ஆளு பத்தலையாம். நேத்து ஜீப்பிலயே சொல்லிட்டாரு. காம்பராவுக்கு வேற ஒரு பிள்ளத்தாச்சியப் போடுறாங்க.” சாதாரணமாகத்தான் சொன்னார்.

“கை நல்லாயிடுச்சா? உண்மையச் சொல்லுங்கம்மா.”

மாரியாயி தூக்கின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தன பேரு சுத்தி நின்னு பாக்குறீங்க. நீங்களும் விரல்ல கட்டோட அந்தப் பாடு பட்டீங்க. தூக்கலைன்னா உங்க மனசு என்ன பாடுபடும்? தூக்கிட்டேன். ராத்திரி பூரா ஒறக்கமில்ல.”

எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, எத்தனை ‘பரவாயில்லை’களை வாங்கி வைத்துக்கொண்டு கெட்டிக்காரி என்று இருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது குளிரிலும் வியர்த்தது. அதெல்லாம் போகட்டும், இந்த அம்மாளின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே.

உள்ளே போய் சுதாகரிடம் சொன்னேன். அவர் யோகா விரிப்பில் இருந்தார். சூப்பர்வைசரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, குழுவிலிருந்து வீடியோவையும் நீக்கிவிடலாமா என்று கேட்டேன். “அது நல்லா வந்திருக்கே மேடம்,” என்றார். “ஒருவேளை நிஜமாவே நல்லாயிருக்கலாம். வலின்னா மறுநாள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.” மணிக்கட்டுப் பட்டையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மாரியாயியோடு கிளம்பினேன்.

வழியெல்லாம் அவர் என்னைத் தடுத்துக்கொண்டே வந்தார். வலிக்கிறது என்று இப்போது சொன்னால் நேற்று நடித்தது தெரிந்துவிடுமே, சூப்பர்வைசரய்யா நம்பிப் போட்ட வேலையாச்சே, மூஞ்சியில் எப்படி முழிப்பது என்பது அவர் கவலை. பனி ஈரத்தில் வழுக்குகிற குறுக்குப்பாதை. என் செருப்பு திருச்சிச் செருப்பு. இரண்டு இடத்தில் அவர்தான் இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

பெரட்டுக் களம் என்பது காலையில் ஆட்கள் கூடி, யாருக்கு எந்தக் காடு என்று பிரித்துவிடும் இடம். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, கத்தரியும் சாக்குமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒரு கத்தரி மாரியாயிக்காகச் சுவரில் சாத்தி வைத்திருந்தது. நாச்சிமுத்து என்னைப் பார்த்ததும் மொத்த உடம்பையும் திருப்பி வரவேற்றார்.

“வாங் டாக்டரம்மா! நேத்தைக்கு என்ன கைராசிங் உங்களுக்கு!”

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல அது நேரமில்லை. நேற்று நடந்தது சிகிச்சையே அல்ல, வெறும் வகுப்பு, இந்தத் தோள் கத்தரி பிடித்தால் மறுபடி கெட்டுப்போகும், இவரைப் பிள்ளைகளிடமே விடுங்கள் என்றேன்.

“ஏனுங்க, நேத்து அத்தன பேரு கைதட்டுனீங்கொ. நானுந்தான் தட்டுனேன். இன்னைக்கு வந்து அது செல்லாதுன்னா எப்பிடிங்?” என்றார். நியாயமான கேள்வி. பிறகு மாரியாயி பக்கம் திரும்பினார், காலோடு சேர்த்து. “ஏனுங்கம்மா, நீங்களே சொல்லுங். கை இப்ப எப்பிடி இருக்குது?”

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

“பரவாயில்லைங்கய்யா,” என்றார் மாரியாயி, தரையைப் பார்த்து.

நாச்சிமுத்து என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் அசடு வழிய நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராகக் கத்தரியை எடுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். அப்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங். வந்ததே வந்தீங்கொ. என்ற கழுத்தையும் ஒருக்கா பாத்துருங்களே. பைக்குல போறப்போ பின்னால வண்டி வந்தாத் தெரிய மாட்டேங்குதுங்.”

மேஜை கிடையாது, வெந்நீர் கிடையாது, பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. கையை டீ கிளாஸில் சூடுபண்ணிக்கொண்டு மப்ளரை அவிழ்க்கச் சொன்னேன். அங்கேயும் தைலம். துடைத்தேன். என் மனதில் ஓடியது வைத்தியம் அல்ல, லஞ்சம். இந்தக் கழுத்து இளகினால் இந்த மனிதரும் இளகுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, முன்கையால், முட்டியால், கடைசியில் அந்தப் பாழாய்ப்போன விரலாலும் உழைத்தேன். நகர்ந்த பெண்கள் வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்துவிட்டார்கள். கழுத்து சுத்தமாக மசியவில்லை. எனக்கு வலி தாங்காமல், வாயிலிருந்து ஒரு முனகல் வந்துவிட்டது.

“அடடா! லேசாயிடுச்சுங்!” என்றார் நாச்சிமுத்து உடனே. “பரவாயில்லைங். ரொம்ப நல்லாருக்குதுங்.”

என் கைக்குத் தெரியும், அது துளிகூட லேசாகவில்லை. இவரும் அதையே சொல்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“சார், அப்படியே உக்காந்தபடி, உங்க வலது பக்கம் பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க,” என்றேன்.

அவர் எழப் போனார். நான் இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தேன். “கழுத்தை மட்டும் திருப்புங்க.”

திருப்பினார். காது ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கண்கள் மட்டும் ஓரத்துக்குப் போய் நின்றன. முகம் சிவந்தது. பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“வலிக்குதா சார்?”

“வலிக்காம என்னங்!”

“அப்ப ஏன் நல்லாருக்குன்னு சொன்னீங்க?”

“அது... விரலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு, உங்களுக்கே அத்தன நோவுல, இவ்வளவு நேரம் மெனக்கெடறீங்கொ. நல்லால்லைன்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிங் சொல்றது? மனுசன் சொல்லுவானுங்களா?”

சொல்லி முடித்த வேகத்திலேயே அவர் வாய் நின்றுவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து, முழு உடம்பையும் திருப்பினார். அவருக்கு வலது பக்கம் பின்னால் நின்றிருந்தது மாரியாயி.

“நீங்களுமாங்கம்மா?”

மாரியாயியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நேற்று இழுத்த வலி, கெட்டுப்போன ராத்திரித் தூக்கம், மூஞ்சியில் முழிக்கும் பயம் எல்லாம் சேர்ந்து வந்தது போலிருந்தது. நாச்சிமுத்து சுவரோரம் போய்க் கத்தரியை எடுத்து ஜீப்பில் போட்டார்.

“கிரீச்சுக்குப் போங்கம்மா. புள்ளைங்க கத்தீட்டுக் கெடக்கும்,” என்றார். பிறகு மப்ளரைச் சுற்றிக்கொண்டு என்னிடம், “அந்த வீடியோவ என்ற மேனேஜருக்கு வேற அனுப்பி வெச்சேன். அவருக்கு இப்ப என்னன்னுங் சொல்றது?” என்றார். வைத்தியம் பலிக்கவில்லை என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அதுதான் உண்மையும்.

பங்களாவுக்கு வந்து, குழுவில் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: ‘இவருக்கு வலி குறையவில்லை. எங்கள் மனம் நோகக் கூடாதென்று கையைத் தூக்கினார். இதைப் பாடமாகக் காட்ட வேண்டாம்.’ சுதாகர் அன்று முழுக்க என்னோடு அளவாகப் பேசினார். குழுவில் நிறையப் பேர் பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எல்லாம் மஞ்சளாக, வலியில்லாத நல்ல விரல்கள்.

கடைசி நாள் சான்றிதழ் வாங்கிய கையோடு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். சிமெண்டு தரையில் பாய், பாயில் பிள்ளைகள், மேலே கயிற்றில் தொட்டில்கள். மாரியாயி இடது கையால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இந்த முறை யாரையும் அழைத்துப் போகவில்லை. சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, முன்கையை மட்டும் தோளில் வைத்துச் சாய்ந்தேன். ஒரு பிள்ளை அழுது ஓய்ந்து, இன்னொன்று தொடங்கும்வரை அப்படியே இருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கொண்டையைத் தொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையை நன்றாகக் குனிந்து, கையை ஏற்றினார். விரல் நுனி காது மடலைத் தொட்டு நின்றது. “இம்புட்டுத்தாங்க. இதுக்கு மேல வலிக்குது,” என்றார். இத்தனை வருடத் தொழிலில் எனக்கு யாரும் இவ்வளவு நல்ல பதில் சொன்னதில்லை. சுவரில் விரல்களால் நடந்து கையை மெல்ல ஏற்றிப் பழகும் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தேன், குன்னூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரையையும் தோளையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். பாயிலிருந்த ஒரு பெண் குழந்தை தானும் சுவரில் விரலால் நடந்து பார்த்தது.

கிளம்பும்போது மாரியாயி என் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டை அவிழ்த்தார். தைலத்தை ஊற்றி, கட்டை விரலை அடியிலிருந்து நுனிவரை நீவிவிட ஆரம்பித்தார். எண்ணெய் கூடாது, வழுக்கும், சவ்வு இளகாது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்வரை வந்தது. வலி சுள்ளென்று மணிக்கட்டுவரை ஏறியது. அவர் குனிந்த தலையோடு மெனக்கெட்டுக்கொண்டிருந்தார். மருமகள் கட்டிவிட்ட கொண்டை லேசாக அவிழ்ந்திருந்தது.

“இப்ப எப்படிங்க இருக்கு டாக்டரம்மா?”

“பரவாயில்லைங்கம்மா,” என்றேன். “ரொம்ப நல்லாருக்கு.”

மாரியாயி தைலத்தின் மூடியை இறுக்கி மூடினார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். போத்தலை என் வலது கையில் வைத்தார்.

“அப்ப இந்த மூடியத் தொறங்க.”